பாசி பறிக்கும் கையே காக்கும் கை

(ஏற்காட்டிற் கூடிய நம் சங்கத்து ஆண்டுக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



மலைவாழ் மக்களாகிய நம் கூட்டத்தில் ஒருவன் எழுந்து கடலைப் பற்றிப் பேசத் தொடங்கின், "இவருக்கு வேறு பொருள் அகப்படவில்லையோ?" என்று நீங்கள் எண்ணுதல் இயல்பே. நம் தாய்மாருட் பலர் கடலை ஒருமுறையேனும் கண்டிலர். நம் பிள்ளைகளுக்குக் கடல் என்பது பாடப்புத்தகத்துப் படமே. ஆயினும் சற்றே பொறுத்துக் கேட்குமாறு வேண்டிக்கொள்ளுகின்றேன்.

நம் மலைமுடியிற் குகைக்கோயில் கொண்டு விளங்கும் சேர்வராயப் பெருமானுக்கு அருகில் வீற்றிருக்கும் அம்மை யார்? காவேரியம்மை அல்லளோ? ஆண்டுதோறும் மே மாதத் திருவிழாவில் நாம் கைகூப்பித் தொழும்போது மலையையும் ஆற்றையும் ஒருங்கே தொழுகின்றோம். இம்மலையிற் பெய்த மழை திருமணிமுத்தாறாகவும் சரபங்க நதியாகவும் ஓடிக் காவிரியிற் கலந்து பூம்புகாரிற் கடலை அடைகின்றது. வடபாற் சரிவில் வீழ்ந்த நீரோ வாணியாறாகித் தென்பெண்ணையிற் சேர்ந்து கடலூரை அடுத்துக் கடலை அடைகின்றது. ஆற்றின் தலைமாட்டில் இருப்பவர் நாம். கால்மாட்டில் இருப்பவர் நெய்தல் நிலத்து மக்கள். தொல்காப்பியனார் சேயோன் மேய குறிஞ்சியையும் வருணன் மேய நெய்தலையும் தனித்தனி நிலமாக வகுத்தாரேனும், இரண்டையும் ஒரே நீர் இணைத்து நிற்றலை நாம் மறத்தலாகாது.

அக்கால்மாட்டில் வாழும் சில மாந்தருடைய செய்தியையே இன்று சொல்லக் கருதினேன். கடலைக் காத்தல் என்றவுடன், கல்லூரியிற் பயின்ற அறிஞரும் சீருடை அணிந்த அதிகாரிகளும் பொருளுதவும் செல்வரும் நம் நினைவிற்கு வருகின்றனர். அவர்தம் தொண்டு சிறந்ததே. ஆயின் கடலில் இறங்கி, கடலால் உண்டு, அக்கடலைத் தாமே காத்து நிற்கும் குடிகளும் உளர். அன்னோர் செய்தியில் நமக்கொரு பாடமும், நம் சங்கத்திற்கொரு வேலையும் உள்ளன. பாடத்தை முன்னரும் வேலையைப் பின்னரும் கூறுவேன்.

இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே, கரையை ஒட்டி, 21 சிறு தீவுகள் வரிசையாக அமைந்தன. அவற்றைச் சூழ்ந்து பவளப்பார்கள் கிடக்கின்றன. பவளப்பார் என்பது வெறுங்கல் அன்று. நுண்ணிய உயிர்கள் பல்லாயிரம் ஆண்டுகளாகத் தம் உடற்சுண்ணத்தால் எழுப்பிய மாளிகை. மீன் முட்டையிடுவதும் குஞ்சு வளர்வதும் அங்கேதான். 1986-ஆம் ஆண்டில் அரசினர் அத்தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த கடலையும், 560 சதுர கிலோமீட்டர் பரப்பில், மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா என அறிவித்தனர். 1989-ஆம் ஆண்டில் அதனை உள்ளடக்கி 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று.

பூங்கா என்னும் பெயர் வருமுன்னரே அத்தீவுகளின் ஓரத்தில் இறங்கித் தொழில் செய்து வந்தவர் கரையூர்ப் பெண்மக்கள். அவர் தொழில் கடற்பாசி எடுத்தல். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை என அவர்கள் பாசிகளைப் பெயரிட்டு அறிவர். மரிக்கொழுந்துப் பாசியினின்றும் கஞ்சிப் பாசியினின்றும் வெண்மையான கூழ்ப்பொருள் ஒன்று எடுக்கப்படுகின்றது. நோய்க்கிருமிகளை வளர்த்து ஆராயும் ஆய்வுக்கூடங்களில் அதுவே கிருமிகளுக்குப் பாத்தி. இனிப்புப் பண்டங்களை உறையச் செய்வதும் அதுவே. கட்டக்கோரையினின்று எடுக்கப்படும் சரக்கு துணியில் அச்சிடுவதற்கும் மருந்து செய்வதற்கும் பயன்படுகின்றது. மருத்துவர் நம் குழந்தையின் நோய் இன்னதென்று கண்டறிந்து மருந்து தருகின்றாரெனின், அவ்வறிவின் பின்னே பெயரறியாத ஒரு நெய்தற் பெண்ணின் உழைப்பும் இருத்தல் கூடும்.

அவ்வுழைப்பு எத்தகையது? புடவைக்கு மேல் ஆடவர் சட்டை ஒன்றை அணிந்து, விரல்தோறும் துணிக்கீற்றுச் சுற்றி, கண்ணுக்கு நீர்க்கண்ணாடி பூட்டி, இடுப்பில் வலைப்பை கட்டிக் கடலில் இறங்குவர். மூச்சை அடக்கி மூழ்குவர். பாசியைக் கையாற் பறித்துப் பையில் இடுவர். மேலெழுந்து மூச்செறிந்து மீண்டும் மூழ்குவர். பவள முனையும் பாறை விளிம்பும் கையையும் காலையும் கிழிக்கும், சொறிமீன் தீண்டும். எடுத்த பாசியைக் கரையிற் பரப்பி உலர்த்தினால் எடை பன்மடங்கு குறையும். உலர்ந்த எடைக்கே விலை. அவ்விலையையும் வாணிகரே வைப்பர்.

இத்தகையோர்க்குப் பூங்கா எல்லை ஒரு பேரிடியாக வந்தது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தேசியப் பூங்காவினுட் புகுந்து எதனையும் எடுத்தல் குற்றம். தாயும் பாட்டியும் இறங்கிய நீரில் மகள் இறங்கினால் அவள் குற்றவாளி ஆனாள். தீவின் ஓரம் சென்றவர் தடுக்கப்பட்டனர். அதிகாரிகள் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பவளப்பார் அழிந்தால் மீனும் அழியும், பாசியும் அழியும் என்பது அவர்தம் கவலை. பெண்கள் தரப்பிலும் நியாயம் உண்டு; பாசியைத் தவிர வேறு சீவனம் இல்லை என்பது அவர்தம் முறையீடு.

இந்நிலையில் அப்பெண்கள் என் செய்தனர்? ஈண்டுத்தான், அன்பர்களே, நீங்கள் செவிசாய்த்துக் கேட்கவேண்டிய இடம் வருகின்றது. அவர்கள் வெறுமனே முறையிட்டு நிற்கவில்லை. விதியை மீறித் திருட்டுத்தனமாகச் சென்று வருதலோடும் அமைந்துவிடவில்லை. ஊர்தோறும் கூடிப் பேசிச் சங்கமாக இணைந்தனர். தமக்குத் தாமே ஓர் அளவு வகுத்தனர். மாதத்தில் அமாவாசையை ஒட்டி 6 நாள், பௌர்ணமியை ஒட்டி 6 நாள், ஆக 12 நாள் மட்டுமே கடலில் இறங்குவது. எஞ்சிய நாட்களிற் பாசிக்கு ஓய்வு. மீன்கள் முட்டையிடும் பருவத்தில் 45 நாள் முற்றும் இறங்காதிருப்பது. இரும்புச் சுரண்டி முதலிய கருவிகளை விலக்கிக் கையாலேயே பறிப்பது. வேரடியைப் பாறையிலேயே விட்டு வைப்பது. இவை அவர்கள் தமக்கு இட்டுக்கொண்ட கட்டளைகள். இக்கட்டளைகளைக் கையிற் கொண்டே அவர்கள் அதிகாரிகள் முன் சென்று, "யாம் அழிக்க வந்தவர் அல்லேம், எம் அளவு இது, எம் உரிமையை ஒப்புக்கொள்ளுங்கள்" என்று பேசினர்.

அவ்வாறு பேசியவருள் ஒருவர் பாம்பன் தீவில் உள்ள சின்னப்பாலம் என்னும் ஊரினரான இலட்சுமி மூர்த்தி என்னும் அம்மையார். சிறு பருவமுதற் பாசி எடுத்து வந்தவர். பள்ளிப்படிப்பால் உயர்ந்தவர் அல்லர். கடலையே ஏடாகக் கற்றவர். அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில் பெர்க்கிலி என்னும் நகரில், உலகத் தீவுகளின் இயற்கையைக் காப்பதற்காக அமைந்த சீகாலஜி என்னும் நிறுவனம் ஒன்றுண்டு. அது 2015-ஆம் ஆண்டிற் பத்தாயிரம் டாலர் மதிப்புள்ள தன் பரிசை இவ்வம்மையாருக்கு அளித்தது. பரிசு ஒருவர் பெயரில் வந்ததாயினும், அதனை ஈட்டியது ஆயிரக்கணக்கான பெண்களின் ஒற்றுமை என்பதை நாம் மறத்தல் கூடாது. ஒருத்தி மட்டும் 12 நாளோடு நின்று, பிறர் 30 நாளும் இறங்கியிருப்பின், அங்கே காவலும் இராது, பரிசும் இராது.

அக்கட்டளைகளின் நுட்பத்தைச் சற்று ஆராய்வோம். அமாவாசையும் பௌர்ணமியும் வருங்காலத்துக் கடலில் ஏற்றமும் வற்றமும் மிகும். வற்றத்தில் நீர் நன்கு இறங்கிப் பாறை வெளிப்படும். பாசி எடுத்தல் எளிதாகும். எனவே எளிதான நாளைத் தொழிலுக்கும் அரிதான நாளைப் பாசியின் ஓய்வுக்கும் அவர்கள் வகுத்துக்கொண்டனர். உழைப்பவருக்கும் நன்மை, பாசிக்கும் நன்மை. மற்றொன்று: திங்களை எல்லாரும் காண்பர். எழுதப் படிக்க அறியாதவரும் இன்று இறங்கும் நாளா, இறங்கா நாளா என்று வானத்தை நோக்கி அறிவர். விலக்கிய நாளில் ஒருவர் கூடையோடு கரைக்குச் சென்றால் ஊரார் கண்ணுக்குத் தப்பமாட்டார். அக்கட்டளைக்குத் தனியே ஒரு காவலாளி வேண்டா. எளியோர் செய்த விதியாதலின் எளியோர் காக்கத்தக்க விதியாயிற்று. அறைக்குள் அமர்ந்து எழுதும் விதிகள் பலவற்றிற்கு இந்நலம் வாய்ப்பதில்லை.

அளவில்லாமல் எடுத்தால் என்னாகும் என்பதற்கும் அக்கடலே சான்று. முன்னாளில் அங்கே பவளப்பாறைகளைப் பெயர்த்துச் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்திற்காகவும் கரைக்குக் கொண்டுவந்தனர். அலையைத் தடுத்து நின்ற பாறை போயிற்று. அலை தீவின் மணலை அரித்தது. 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்னும் இரண்டும் நீருள் மூழ்கிப்போயின. 2001-ஆம் ஆண்டிற் பவளங்கள் சட்டத்தின் முதல் அட்டவணையிற் சேர்க்கப்பட்டுக் காவல் கடுமையான பின்னரே அவ்வழிவு அடங்கிற்று. மூழ்கிய தீவு அதனால் மீண்டுவிடவில்லை. நம் மலையிலும் பாக்சைட் மண் வெட்டி இறக்கப்பட்ட மேடுகளைக் கண்டவர்களுக்கு யான் மேலும் விரித்துரைத்தல் வேண்டா.

இது பெண்டிர் செய்தி. ஆடவர் செய்தி ஒன்றும் கூறுவேன். திருவனந்தபுரம் கடற்கரையில், கடல்வாழ் உயிர்களின் நண்பர்கள் என்று பொருள்படும் பெயரோடு ஓர் அமைப்பு நிகழ்ந்து வருகின்றது. அதனை முன்னின்று நடத்துபவர் இராபர்ட் பனிப்பிள்ளை என்பார். மீனவக் குடியிற் பிறந்தவர். கடலடியில் மறைந்து கிடக்கும் பார்களை முதியோர் வழிவழியாக அறிவர். கடலிலிருந்து கரையை நோக்கி, தொலைவில் தெரியும் மலைமுடி ஒன்றும் அதற்கு முன்னே தோன்றும் தென்னையோ கோயிலுச்சியோ ஒன்றும் நேர்ப்படுமாறு பார்ப்பர். வேறொரு பக்கத்திலும் அவ்வாறே இரண்டு குறிகளை நேர்ப்படுத்துவர். இரு கோடுகளும் சந்திக்கும் இடத்திற் பார் உள்ளது என்று துணிவர். கருவியொன்றும் இல்லாத காலத்து வந்த கணக்கு இது. பனிப்பிள்ளையும் அவர்தம் தோழரும் அம்முதியோர் சொல்லைக் கேட்டு, மூச்சுக்கருவி பூண்டு அவ்விடங்களில் மூழ்கி, ஆங்குள்ள பார்களையும் உயிர்களையும் படம்பிடித்துப் பதிந்து வருகின்றனர். பாட்டனார் அறிவும் பேரனார் கருவியும் அங்கே கைகோத்தன. கடலிற் செல்வானுக்கு மலைமுடி வழிகாட்டுகின்றது என்னும் இச்செய்தியைக் கேட்கும் மலைமகன் எவனுக்குத்தான் உள்ளம் குளிராது?

பிறநாடுகளிலும் இதனை ஒத்தன உண்டு. கனடா நாட்டின் மேற்குக் கடலில் ஹைடா என்னும் தொல்குடியினர் வாழும் தீவுக்கூட்டம் உள்ளது. அங்கே தொன்மையான காடுகள் வெட்டப்பட்டு வந்தன. 1985-ஆம் ஆண்டில் லயல் தீவில் அக்குடியினர் வழியை மறித்து நின்றனர், முதியோரும் கைதாயினர். பின்னர் 1993-ஆம் ஆண்டில் அரசினர்க்கும் அக்குடியினர்க்கும் உடன்படிக்கை ஏற்பட்டது. நிலம் யாருடையது என்னும் வழக்கை ஒருபுறம் வைத்து, இருதரப்பாரும் சம எண்ணிக்கையினராய் ஒரே சபையில் அமர்ந்து அத்தீவுகளைக் காத்து வருகின்றனர். 2010-ஆம் ஆண்டிற் சூழ்ந்த கடலும் அக்காவலுட் சேர்ந்தது. நியூசிலாந்தில் மாவோரி மக்களிடையே ராஹுயி என்றொரு வழக்கம் உண்டு. சிப்பியோ மீனோ குறைந்த இடத்தைப் பெரியோர் கூடிச் சில காலம் விலக்கி வைப்பர். வளம் மீண்டபின் விலக்கு நீக்குவர். அந்நாட்டின் 1996-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் அத்தகைய தற்காலிக விலக்கிற்கு இடந்தந்துள்ளது. குடிவழக்கை அரசுச்சட்டம் ஏற்றது.

இவ்வரலாறுகளில் யான் காணும் பாடம் ஒன்றே. எடுத்து உண்பவரே அளவும் வகுத்தால், காவலும் நிலைக்கும். உரிமை கேட்கும் சொல்லுக்கும் வலிமை பிறக்கும். அளவு வகுக்காமல் உரிமை மட்டும் கேட்பாரை உலகம் ஐயுறும். உரிமை கொடாமல் அளவு மட்டும் விதிப்பாரைக் குடிகள் ஏமாற்றுவர். இரண்டும் ஒரே கையில் இருத்தல் வேண்டும்.

இனி நம் வேலைக்கு வருகின்றேன்.

கடலுக்குக் கடற்பாசி போல நமக்கும் ஒரு பாசி உண்டு; கல்பாசி. மசாலையில் மணத்திற்காக இடும் அச்சரக்கு நம் மலையின் பாறைகளிலும் மரப்பட்டைகளிலும் படர்கின்றது. மேற்புறம் சாம்பல் நிறமும் கீழ்ப்புறம் கருநிறமும் உடையது. பெயர் பாசியே ஆயினும் அது தனிப்பாசி அன்று. காளான் இனமும் நுண்பாசியும் ஒன்றையொன்று பற்றி வாழும் கூட்டுயிர். காளான் நீரையும் இடத்தையும் தருகின்றது. பாசி வெயிலிலிருந்து உணவு சமைக்கின்றது. அதன் வளர்ச்சியோ மிக மெல்லியது. ஓராண்டில் சில மில்லிமீட்டரே படர்வது பெரும்பான்மை. நம் உள்ளங்கை அகலம் படர்ந்த ஒரு கல்பாசி, பள்ளிக்குச் செல்லும் நம் பிள்ளையினும் வயதில் மூத்ததாக இருத்தல் கூடும். கடற்பாசி சில திங்களில் மீளத் தழைக்கும். கல்பாசி அவ்வாறு தழையாது. அங்ஙனமாக, விரைவில் வளரும் பொருளுக்கு நெய்தற் பெண்கள் 12 நாள் அளவு வைத்தனர். மெல்ல வளரும் பொருளுக்கு நாம் என்ன அளவு வைத்தோம்?

நம் முன்னோர்க்கு அளவு தெரியாதது அன்று. வள்ளிக்கிழங்கு அகழ்பவர் கொடியின் தலைக்கிழங்கை மீண்டும் மண்ணிற் புதைத்து வருதல் மலைமக்கள் பலரிடத்தும் உள்ள வழக்கம். கோயிற்காட்டில் விறகும் ஒடிக்கலாகாது என்று விலக்கி வைத்தவரும் அவரே. ஆயின் கல்பாசிக்குச் சந்தையில் விலை வந்தபின் அவ்வொழுக்கம் தளர்கின்றது. இரும்பாற் பாறையைச் சுரண்டுவாரும், கிளையையே வெட்டி வீழ்த்தி உரிப்பாரும் உளர். இவர்களை யான் பழிக்கவில்லை, வயிற்றுப்பாடு அத்தகையது. விலையை வைப்பவன் மலையில் இல்லை. சுமையைத் தூக்குபவளே மலையில் இருக்கின்றாள்.

சட்டமும் இவ்விடத்தில் நமக்குத் துணை நிற்கின்றது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு வன மகசூலின்மேல் நம்மனோர்க்கு உரிமை தந்தது. அதனை அனைவரும் அறிவோம், மேடைதோறும் பேசுகின்றோம். அதே சட்டம் தன் ஐந்தாம் பிரிவில், காட்டையும் காட்டுயிரையும் நீர்நிலையையும் காக்கவும், எடுப்பதை ஒழுங்குபடுத்தவும் உரிமையாளர்க்கும் கிராம சபைக்கும் அதிகாரம் தந்தது. இதனைப் பேசுவார் சிலரே. மீனவர்க்கென்று அத்தகைய தனி உரிமைச் சட்டம் இன்றுவரை இயற்றப்படவில்லை. சட்டத்தின் துணை இல்லாத அப்பெண்கள் தாமே விதி செய்தனர். சட்டத்தின் துணை உள்ள நாம் விதி செய்யாதிருத்தல் தகுமோ?

ஆதலின் சபையார் முன் மூன்று கருத்துக்களை வைக்கின்றேன்.

முதலாவது: ஐப்பசி முதல் மார்கழி ஈறாக உள்ள மூன்று திங்களிற் கல்பாசி எடுத்தலை நாமே நிறுத்தி வைப்போம். மழையின் ஈரத்தில்தான் அது வளர்கின்றது. தைப்பொங்கல் கழிந்தபின் எடுக்கத் தொடங்குவோம். நெய்தலார்க்குத் திங்கள் போல நமக்குப் பண்டிகை அடையாளமாகும். எவரும் நாள் தெரியாது என்று சொல்ல இயலாது.

இரண்டாவது: இரும்புச் சுரண்டியையும் கிளை வெட்டுதலையும் விலக்குவோம். எடுக்கும் இடத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொடாது விடுவோம். எப்பாறை இவ்வாண்டு, எப்பாறை அடுத்த ஆண்டு என்பதை ஊர்கள்தோறும் பெரியோர் கூடி முறை வைப்பார்களாக. அம்முறையைக் கிராம சபையில் எழுதிப் பதிவு செய்வோம். பின்னர் வனத்துறையார் முன் அவ்வேட்டோடு செல்வோம்.

மூன்றாவது: இம்முறையை வகுக்கும் குழுவிற் பெண்களே பெரும்பான்மையினராய் இருத்தல் வேண்டும். நம் சங்கத்து நிருவாக சபையிலும் பெண்களுக்கு இடம் தருதல் வேண்டும். மலையிற் பாசி எடுப்பவர், கிழங்கு அகழ்பவர், விறகு சுமப்பவர், ஊற்றுநீர் கொணர்பவர் பெரும்பாலும் அவர்களே. எந்த ஊற்று வற்றியது, எந்தப் பாறை வெளுத்தது என்று முதலில் அறிபவரும் அவர்களே. அறிந்தவரைத் திண்ணைக்குக் கீழே நிறுத்தி, அறியாதவர் மேடையில் அமர்ந்து தீர்மானம் எழுதுதல் முறையாகாது. இச்சொல் சிலர்க்குக் கசக்குமேல் பொறுத்தருள்க.

"நாம் விட்டுவைத்தால் அயலூரான் எடுத்துப் போவானே" என்று ஒருவர் வினவலாம். நியாயமான வினா. சின்னப்பாலத்தார் மட்டும் அளவு வைத்திருந்தால் அவர்க்கும் இதே இடர் நேர்ந்திருக்கும். கரையூர்கள் பலவும் சேர்ந்தமையால் அது நிலைத்தது. அவ்வாறு ஊர்களைச் சேர்ப்பதற்கு நம்மிடம் உள்ள கருவி எது? இந்தச் சங்கமே அன்றோ? ஓரூர்க்கு இயலாததை ஒன்றாக்குவதற்குத்தானே சங்கம்?

"சாதிச் சான்றிதழ், பிள்ளைகளின் கல்வி உதவி, பாதை, வைத்தியசாலை இவற்றைக் கேட்பதே சங்கத்தின் பணி, பாறையில் முளைப்பதைப் பற்றி நமக்கென்ன?" என்று வேறொருவர் வினவலாம். சான்றிதழ் வேண்டும், கல்வியும் வேண்டும், பள்ளியிற் பாடம் நடத்தும் யான் அதனை மறுப்பேனோ? ஆயின் நம்மைத் தொல்குடி என்று சட்டம் அழைப்பது இம்மலையோடு நமக்குள்ள தொடர்பைக் கருதியன்றோ? மலை வெறுமையானபின் அப்பெயர் தாளில் மட்டும் நிற்கும். பேரன் சான்றிதழைக் காட்டுவான். காட்டுவதற்கு மலை இராது.

"மூன்று திங்கள் நிறுத்தினால் அடுப்பு எரிவது எவ்வாறு?" என்பது எல்லாவற்றினும் கடிய வினா. அதற்கு வாய்ச்சொல் விடையாகாது. சங்கத்து நிதியிலிருந்து ஒரு பகுதியை ஒதுக்கி, எடுத்த கல்பாசியைத் தூய்மை செய்து, தரம் பிரித்து, நாமே ஒருங்கு சேர்த்து விற்கும் ஏற்பாட்டைச் சிறிய அளவிலேனும் தொடங்குதல் வேண்டும். தனித்தனியே விற்பவள் வாணிகன் சொன்ன விலைக்கு இசைகின்றாள். நூறு பேர் சேர்ந்து விற்றால் விலை பேச இடமுண்டு. குறைவாக எடுத்து நிறைவாகப் பெறும் வழி அதுவே. விலக்குக் காலத்தில் இடர்ப்படும் குடும்பங்களுக்கு அந்நிதியிலிருந்தே கைம்மாற்றுக் கொடுக்கலாம். இதனை நிருவாகிகள் ஆராய்ந்து, அடுத்த கூட்டத்திற்குள் கணக்கிட்டுச் சொல்லுமாறு கேட்டுக்கொள்ளுகின்றேன். அக்கணக்கு இன்றி முதற் கருத்தை நிறைவேற்றுதல் ஏழைகளின் தலையில் சுமையேற்றுதலாகும். அதற்கு யான் உடன்படேன்.

2022-ஆம் ஆண்டிற் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை ஆவுளியா என்னும் கடற்பசுவின் காப்பகமாக நம் மாநில அரசினர் அறிவித்தனர். நம் நாட்டில் அவ்விலங்கிற்கென்று அமைந்த முதற்காப்பகம் அது. வலையிற் சிக்கிய ஆவுளியாவை, வலையை அறுத்தும், உயிரோடு கடலில் விட்ட மீனவர்கள் அக்கரையில் உளர். வலை அறுந்தால் அன்றைய வருவாயும் அறுந்தது. அறிந்தே அதனைச் செய்தனர். அத்தகைய மனம் நெய்தலுக்கு மட்டும் உரியது அன்று. கோயிற்காடு வைத்த குடியினர்க்கும் அது பிறப்புரிமை.

பெரியோர்களே! தாய்மார்களே! இக்கருத்துக்களைத் தீர்மானமாக எடுத்துக்கொள்ளுமாறு தலைவரவர்களை வணக்கத்துடன் வேண்டுகின்றேன். திருத்தம் உண்டெனில் திருத்துங்கள். மறுப்பு உண்டெனில் இச்சபையிலேயே எழுந்து மறுத்துரையுங்கள். ஆயின் பேசாது கலைந்து செல்லாதீர்கள். வருகின்ற ஐப்பசிக்கு இன்னும் நாட்கள் உள்ளன. ஊர்தோறும் சென்று பேசுதற்கு அவை போதும்.

 சேர்வராயப் பெருமானும் காவேரியம்மையும் நம் மலையையும் அதன் நீர் சென்றடையும் கடலையும் காத்தருள்க.